ஊதாதே டீச்சர் போட்ட கையெழுத்து

எங்கள் இதய ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக லிஃப்ட் ஓட்டுகிறேன். ‘ஓட்டுகிறேன்’ என்றால் சிரிக்கிறார்கள். பொத்தானை அமுக்க ஒரு ஆளா என்கிறார்கள். அப்படிக் கேட்கிறவர்களை ஒரே ஒரு நாள் என் இடத்தில் நிறுத்த வேண்டும். கட்டிலோடு நோயாளி, மருந்து பாட்டில் தொங்கும் கம்பி, ஆக்சிஜன் உருளை, அழுகிற மனைவி, போனில் யாரையோ திட்டிக்கொண்டிருக்கும் மச்சான், இத்தனையையும் இடிக்காமல் ஏற்றி இறக்கிவிட்டு அப்புறம் பேசட்டும். எட்டடிக்கு ஆறடிப் பெட்டி. ஜன்னல் கிடையாது. எனக்கு ஒரு முக்காலி, தலைக்கு மேலே முனகிக்கொண்டே சுற்றும் சின்ன விசிறி. இதற்குள் நான் பார்த்த மனிதர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அவரைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். அது எனக்குப் பிடித்த பகுதியல்ல.

அவருக்கு ஆஸ்பத்திரி வைத்த பெயர் ‘ஊதாதே டீச்சர்’. பிசியோதெரபிஸ்ட் என்பது வேலையின் பெயர். இதய அறுவைக்கு நாள் குறித்த நோயாளிகளுக்கு அறுவைக்கு முன்பே மூச்சுப் பயிற்சி கொடுப்பதுதான் அவர் வேலை. அதற்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா உண்டு. பக்கத்துப் பக்கத்தில் மூன்று கூண்டுகள், கூண்டுக்கு ஒரு பந்து, ஓரத்திலிருந்து வளைந்து வரும் ஒரு குழாய். குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். இழுத்தபடியே மூன்று எண்ணும்வரை நிறுத்திப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் இந்த டப்பாவை யார் கையில் கொடுத்தாலும் ஊதுகிறார்கள். விவசாயி ஊதுவார், வக்கீல் ஊதுவார். கல்லூரி முதல்வர் ஒருவர் கன்னம் உப்ப ஊதிவிட்டு, பந்து அசையவில்லை, டப்பா பழுது என்று புகார் எழுதிக் கொடுத்தார். டீச்சர் காலையிலிருந்து மாலைவரை ஒரே பாட்டு: “ஊதாதீங்க. உள்ள இழுங்க. ஊதாதீங்க.”

எதற்கு இந்தப் பாடு என்று நானும் ஒருநாள் கேட்டேன். “நெஞ்செலும்பை அறுத்துக் கம்பி போட்டுக் கட்டுவாங்கண்ணே. அப்புறம் வலிக்குப் பயந்து எல்லாரும் மேலோட்டமா மூச்சு விடுவாங்க. இரும மாட்டாங்க. சளி அடியில தங்கும், நுரையீரல் சுருங்கும். இதயம் நல்லா இருக்கும்போதே ஆள் போயிடுவான்” என்றார். “அறுத்த பிறகு பாடம் ஏறாது. அப்ப வலி மட்டும்தான் தெரியும். அதான் முன்னாடியே.”

கண்டிப்பானவர்தான், ஆனால் கடுகடுப்பு கிடையாது. ஒவ்வொரு நோயாளியின் கட்டிலிலும் ஒரு அட்டை தொங்கும். மணிக்குப் பத்து முறை இழுத்துவிட்டு அதில் டிக் போட வேண்டும். ஒருவருடைய அட்டை முழுக்க டிக்காக இருந்தது, ஆனால் மனிதரால் முதல் பந்தைக்கூட அசைக்க முடியவில்லை. விசாரித்தால் அவர் மனைவி வெகுளியாகச் சொன்னார்: “அவருக்குக் களைப்பா இருந்துச்சு டீச்சர். அவர் பங்கையும் நானே இழுத்துட்டேன்.” வீட்டில் அவருடைய வேலையையெல்லாம் செய்துசெய்து பழகிய கை அல்லவா! டீச்சர் டப்பாவை அந்த அம்மாவிடமே கொடுத்து இழுக்கச் சொன்னார். மூன்று பந்தும் சர்ரென்று ஏறின. “உங்க நுரையீரல் பிரமாதம்மா. ஆனா ஆபரேஷன் அவருக்கு.” வார்டே சிரித்தது. அந்த அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

டீச்சரின் அறை இரண்டாம் மாடியில், என் லிஃப்ட் போகும் சுவரை ஒட்டியே இருந்தது. நான் மேலே போகும்போதும் கீழே வரும்போதும் அந்தச் சுவர் அதிரும். டீச்சர் பார்க்கும் வேலைக்கு இரண்டு பேர் இருக்க வேண்டும். இன்னொருவர் வெளிநாடு போய் இரண்டு வருஷம் ஆகிறது, அந்த இடத்துக்கு ஆள் போடுகிறோம், போடுகிறோம் என்று சொல்லியே நிர்வாகம் காலத்தை ஓட்டியது. டீச்சருக்கு லீவு என்பதே மறந்துபோனது. தங்கை மகள் கல்யாணத்துக்கு அரை நாள் போய், தாலி கட்டி முடிந்ததும் சாப்பிடாமல் ஓடி வந்தார்.

அவர் வேலையில் பெரிய விஷயம் ஒன்று உண்டு, கையெழுத்து. அறுவைக்கு முந்தின நாள் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாள் போகும். அதில் ஏழு கட்டங்கள். ரத்தம், சர்க்கரை, பல் என்று வரிசையாகப் போய் ஐந்தாவது கட்டம் நுரையீரல். ‘பயிற்சி முடித்தார், நாலு வாரமாகப் புகைக்கவில்லை’ என்று டீச்சர் கையெழுத்துப் போட்டால்தான் மறுநாள் அறுவை. இந்தக் கதை நடந்ததற்கு முந்தின வருஷம் இரண்டு பேர், சிகரெட்டை விட்டுவிட்டோம் என்று கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அறுவை மேஜையில் படுத்தவர்கள், செயற்கை மூச்சு மெஷினிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. அன்றிலிருந்து பெரிய சர்ஜன் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார். அது காலியாக இருந்தால் நோயாளியின் நாள் போச்சு. அடுத்த நாள் கிடைக்க இரண்டு மாசம் ஆகும்.

இப்போது மாஸ்டருக்கு வருகிறேன். மாஸ்டர் என்றால் டீச்சரின் கணவர். டிரைவிங் பள்ளி நடத்துகிறவர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், காரில் இருக்கும்வரை அதன் மேல் வைத்த காலை அவர் எடுத்ததே இல்லை. என் மகள் லைசென்ஸ் தேர்வில் இரண்டு முறை தோற்று, ஸ்டீயரிங் பக்கமே போகமாட்டேன் என்றிருந்தபோது, நாற்பது நாள் விடியற்காலையில் வந்து ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஒரு நாளும் அவளிடம் குரலை உயர்த்தவில்லை. இன்று அவள் ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள். அந்த நன்றி எனக்கு உண்டு. மாணவர்கள் வண்டியைப் பின்னால் எடுத்துப் பழகும்போதெல்லாம் மாஸ்டர் வெளியே நின்று ஒரு சிகரெட் பற்றவைப்பார். ஒரு நாளைக்கு எத்தனை பேர் பின்னால் எடுத்துப் பழகுவார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஒருநாள் காரிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சோதித்துப் பார்த்ததில் இதயத்துக்குப் போகும் பிரதான ரத்தக் குழாயிலேயே அடைப்பு. “ரொம்ப நாள் தள்ள முடியாது. எப்ப வேணாலும் மூடிக்கும்” என்றார் சர்ஜன். ஒரு மாசம் தள்ளி நாள் குறித்தார்கள். சிகரெட்டை அன்றே விட்டுவிட்டதாக மாஸ்டர் மனைவியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாராம். பத்தொன்பதாம் நாள் மறுபடி வலி வரவும், இனி வீட்டில் வேண்டாம் என்று எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துவிட்டார்கள். அறுவைக்கு இன்னும் பத்து நாள்.

டீச்சர் நேராகச் சர்ஜனிடம் போனார். சர்ஜன் என் லிஃப்டில் கீழே போய்க்கொண்டிருந்தார், அதனால் நானும் கேட்டேன்.

“சார், இவர் என் வீட்டுக்காரர். அஞ்சாவது கட்டத்துல வேற யாராவது கையெழுத்துப் போடட்டும்.”

“வேற யாரும்மா இருக்காங்க?”

“மயக்க டாக்டர்...”

“அவருக்கு ஆறாவது கட்டம் இருக்கே.” சர்ஜன் கைபேசியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “உங்க கையெழுத்தை நம்பித்தாம்மா நான் கத்தியை எடுக்கறேன். வீட்டுக்காரர்னா அது மாறிடுமா?”

இதற்கு என்ன பதில் சொல்வது? மாறும் என்றால் வேலை போகும், மாறாது என்றால் தலையைக் கொடுத்தாயிற்று. சர்ஜன் இறங்கிப் போனபிறகும், எந்த மாடிக்குப் போக வேண்டும் என்று சொல்லாமல் டீச்சர் அப்படியே நின்றார். எனக்கு எரிச்சலாக வந்தது, நிர்வாகத்தின்மேல். ஒரு ஆளைப் போடுவதற்கு இரண்டு வருஷமா?

மற்ற நோயாளிகளுக்குச் செய்ததையெல்லாம் கணவருக்கும் செய்தார். வயிற்றில் கை வைத்து மூச்சை அடிவரை இறக்கச் சொன்னார். தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இருமப் பழக்கினார். “நீ சொன்னா சரி டீச்சர்” என்று மாஸ்டரும் நல்ல பிள்ளையாக எல்லாம் செய்தார். முதல் பந்து ஏறியது, இரண்டாவது ஏறியது. மூன்றாவதுதான் அசையவில்லை. நாலு நாளில் ஏறிவிடும் என்றார் டீச்சர். நாலு நாள் ஆயிற்று, அது அடியிலேயே கிடந்தது.

அது ஏன் கிடந்தது என்று எனக்குத் தெரியும்.

மாஸ்டர் சேர்ந்த இரண்டாம் நாள் மத்தியானம், டீச்சர் பெண்கள் வார்டில் இருந்த நேரம், என்னிடம் வந்தார். “அண்ணே, மேல மொட்டைமாடி வரைக்கும் லிஃப்ட் போகுமாமே?”

போகும். அதற்கு ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவி எலக்ட்ரீஷியனிடம் ஒன்று, என்னிடம் ஒன்று.

“ஒரே ஒரு தம் அண்ணே. பயமா இருக்கு. இருபது வருஷமா என் காலுக்குக் கீழ ஒரு பிரேக் இருந்துச்சு. இங்க எதுவுமே என் காலுக்குக் கீழ இல்ல.”

சொல்லும்போது கண் கலங்கிவிட்டது அவருக்கு. என் மகளை நினைத்தேன். ஒன்றுதானே என்று நினைத்தேன். கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பிடித்தார். கீழே இரண்டாவது பந்தோடு மல்லுக்கட்டும் மனிதர் அந்தச் சிகரெட்டை இழுத்த இழுப்புக்கு மூன்று பந்தும் மூடியில் போய் முட்டியிருக்கும். சிரிப்பு வந்தது எனக்கு. அப்போது சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் இரண்டு முறை. ஐந்தாம் நாள், சாவி தொலைந்துவிட்டது மாஸ்டர் என்றேன். என் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்து நெஞ்சில் கை வைத்தார். நெற்றியெல்லாம் வியர்வை. உண்மையான வலியா, நடிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்தப் பெட்டிக்குள்ளேயே ஆள் போய்விட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? கூட்டிப்போனாலும் பாவம், போகாவிட்டாலும் பாவம். சாவி கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு மூன்று ஆனது. புதினா மிட்டாயை மென்றுகொண்டே வார்டுக்குத் திரும்புவார். டீச்சரிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று தினமும் காலையில் கிளம்புவேன். சொன்னால் கையெழுத்து இல்லை, நாளும் போச்சு, அந்தக் குழாய் இரண்டு மாசம் தாங்காது. வாயில் வந்ததை மென்று முழுங்கிவிடுவேன்.

அறுவைக்கு முந்தின நாள். தாளை நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும். மூன்றரை மணிக்கு டீச்சர் இரண்டாம் மாடியில் ஏறினார். கையில் தாள். மற்ற ஆறு கட்டங்களும் நிரம்பியிருந்தன.

“கதவை மூடுங்கண்ணே. எங்கயும் போக வேணாம்.”

மூடினேன். மூன்றாம் மாடியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. அப்படியே விட்டேன்.

“அண்ணே, ஒண்ணு கேக்கறேன். இவர் இங்க வந்ததுக்கு அப்புறம் சிகரெட் பிடிச்சாரா?”

நான் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் என் முகத்தைப் பார்த்தார்.

“இல்லம்மா.”

“நிச்சயமா?”

“என் கண்ணுல படலம்மா. படாம அவரால இந்தக் கட்டடத்துல எங்கயும் போக முடியாது.”

பொய்யிலும் எவ்வளவு நேர்த்தி பாருங்கள். டீச்சர் தாளை லிஃப்ட் சுவரில் வைத்து ஐந்தாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பேனா மேல்நோக்கி இருந்ததால் பாதியில் மை இறங்கவில்லை. உதறிவிட்டு மறுபடி போட்டார். “மூணாவது மாடியில கூப்பிடறாங்க, போங்க” என்றார்.

அறுவை ஐந்து மணி நேரம் நடந்தது. இதயம் அருமையாக ஓடுகிறது என்று சர்ஜன் கை குலுக்கினார். மறுநாள் மெஷினை எடுத்தார்கள், மாஸ்டர் கண் விழித்து மனைவியைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். நான் ஒரு கும்பிடு போட்டேன். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. மார்பில் சளி கட்டியது, இடது நுரையீரலின் அடிப்பக்கம் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிந்தது. மறுபடி தொண்டைக்குள் குழாயை இறக்கி மெஷினில் போட்டார்கள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளையும் நான் எண்ணினேன். டீச்சர் இரண்டு மணிக்கு ஒரு தரம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவார். கணவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, விலாவில் இரண்டு கையையும் வைத்து அதிர்வு கொடுத்துச் சளியை நகர்த்துவார். நர்ஸ் உறிஞ்சி எடுப்பார். பிறகு இறங்கி வந்து வார்டில் அடுத்த நாள் அறுவைக்காரர்களுக்குப் பாடம் எடுப்பார். போகவும் வரவும் என் லிஃப்ட். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பெட்டிக்குள் நிற்போம். எனக்கு ஓடிப்போக ஒரு இடமில்லை. முக்காலியில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டு, சீக்கிரம் மாடி வரட்டும் என்று வேண்டிக்கொள்வேன். இத்தனை வருஷத்தில் அந்த லிஃப்ட் அவ்வளவு மெதுவாகப் போய் நான் பார்த்ததில்லை.

ஒன்பதாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. “டீச்சரம்மா, நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்” என்றேன். கதவு மூடும்வரைகூடக் காத்திருக்கவில்லை. சாவி, தண்ணீர்த் தொட்டி, மூன்று சிகரெட், மிட்டாய் எல்லாவற்றையும் கொட்டினேன். அழுகையும் வந்தது, வயசான காலத்தில்.

டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

“தெரியும்ணே.”

எனக்குப் புரியவில்லை.

“இருபத்தாறு வருஷமா அவர் பக்கத்துல படுக்கறேன். மிட்டாய் சாப்பிட்டா எனக்குத் தெரியாமப் போயிடுமா? கேட்டா மறுபடி சத்தியம் பண்ணினார், எங்க போய்ப் பிடிக்கறார்னுதான் பிடிபடல.”

“அப்ப எதுக்கும்மா என்னைக் கேட்டீங்க?”

“நான் கையெழுத்துப் போடாம விட்டா ரெண்டு மாசம். அவர் ரெண்டு வாரம்கூடத் தாங்கியிருக்க மாட்டார். போட்டாலும் இப்படி ஆகும்னு எனக்குத் தெரியும். ரெண்டுல எதுல பொழைப்பார்னு பாத்தேன். ஆனா தெரிஞ்சே பொய்யா ஒரு கையெழுத்துப் போட என்னால முடியலண்ணே. கை வரல. யாராவது ஒருத்தர் ‘இல்ல’ன்னு சொல்லணும். அவர் மேல உங்களுக்கு இருக்கற நன்றிக்கு நீங்க சொல்லுவீங்கன்னு தெரியும். அதான் உங்ககிட்ட வந்தேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒன்பது நாளாகச் சோறு இறங்காமல் கிடந்தவன் நான். என்னை ஒரு பேனா மாதிரி எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார் இந்த அம்மா. அந்தக் கோபத்தோடேயே ஒரு நிம்மதியும் வந்தது, வெட்கமில்லாமல். அப்படியானால் என் பொய் கெடுதல் செய்யவில்லை, அது இல்லாமல் அறுவையே நடந்திருக்காது. “அப்ப நான் செஞ்சது...” என்று ஆரம்பித்தேன்.

“பொய்யை நான் உங்ககிட்ட கேட்டு வாங்கினேன். அதுக்கு நீங்க அழ வேணாம்.” கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு முதல்முறையாக டீச்சர் என்னை நேராகப் பார்த்தார். “ஆனா மாடிக்குக் கூட்டிட்டுப் போனீங்களே, அதை நான் கேக்கல. மூணாவது பந்து நாலாம் நாளே ஏறியிருக்கும்ணே. பத்து நாள் இருந்துச்சு என் கையில. அதை மட்டும் என்கிட்ட மன்னிக்கச் சொல்லாதீங்க.”

வாழ்நாள் பூராவும் பிடித்த சிகரெட்டுக்கு முன்னால் இந்தப் பத்து நாள் எம்மாத்திரம் என்று டியூட்டி டாக்டர் பின்னால் ஒருநாள் சொன்னார். இருக்கலாம். அதைக் கேட்டும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதினாலாம் நாள் மாஸ்டரை மெஷினிலிருந்து எடுத்தார்கள். ஐந்தாம் வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிழைத்துவிட்டார். இடது நுரையீரலின் அடிப்பக்கம் போனது போனதுதான் என்றார்கள். நாலு சொல் பேசினால் நின்று மூச்சு வாங்குவார். இனி காரில் உட்கார்ந்து யாருக்கும் வழி சொல்ல முடியாது. வீட்டுக்குக் கிளம்பிய அன்று சக்கர நாற்காலியில் வைத்து டீச்சர்தான் தள்ளிக்கொண்டு வந்தார். கதவு மூடியது, கீழே இறங்க ஆரம்பித்தோம்.

மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எலும்பும் தோலுமான கை, ஆனால் பிடி பலமாக இருந்தது.

“அண்ணே... அந்தப் பத்து நாள்...” என்று மூச்சு வாங்கினார். “நீங்க இல்லன்னா... பயத்துலயே... செத்திருப்பேன். உங்க நன்றிய... மறக்க மாட்டேன்.”

முகமெல்லாம் சிரிப்பு அவருக்கு. நல்ல மனிதர், மனசாரச் சொல்கிறார். டீச்சர் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் தலையைத் தூக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியில் அவர் விரல்கள் மட்டும் தெரிந்தன. தரைத்தளம் வந்து நின்றதும் தெரியாமல் நான் அப்படியே கையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

“கதவைத் தொறங்கண்ணே” என்றார் டீச்சர். “அவருக்கு உள்ள காத்து பத்தல.”

திறந்தேன்.